எத்தனை சிசி என்று கேட்கும் முன்

மொன்றியலில் ஒரு கடைக்குள் நுழைந்து 34சி என்று குறித்த பிரா ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார் ஒரு பெண். அளவாக இருக்கிறது. அடுத்த தெருவில், வேறொரு நிறுவனத்தின் 34சி இறுக்கிப் பிடிக்கிறது. அங்கே அவருக்குப் பொருந்துவது 36பி. இடையில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பு அதே உடம்புதான். எண்ணும் எழுத்தும் மட்டும் மாறிவிட்டன. பெண்கள் பலருக்கும் பழகிப்போன புதிர் இது. கடையில் இதனால் பெரிய நட்டம் இல்லை, பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சைக்குப் போகும் பெண்ணும் மருத்துவரிடம் முதலில் சொல்வது இதே எழுத்தைத்தான்: "எனக்கு சி கப் வேண்டும்." அங்கே வைத்ததைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். அதனால் இந்த எழுத்தின் கணக்கை முதலில் புரிந்துகொள்வோம்.

பிராவின் எண், மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றிய பட்டையின் அளவு. எழுத்து, அந்தச் சுற்றளவுக்கும் மார்பின் முழுச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே எழுத்து தனியாக எந்தக் கொள்ளளவையும் குறிப்பதில்லை. பட்டையோடு சேர்ந்தால்தான் அதற்குப் பொருள். 32டி, 34சி, 36பி மூன்றின் கிண்ணங்களும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு கொண்டவை. 38சி கிண்ணமோ 32சி கிண்ணத்தைவிட நன்றாகவே பெரியது. போதாக்குறைக்கு, எல்லா நிறுவனங்களும் கட்டுப்பட்டு நடக்கும் பொது அளவுகோலும் இல்லை.

இந்த எழுத்துமுறையை 1932இல் எஸ். எச். கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கிவைத்தது. துணி தைத்து விற்பவர்களின் வசதிக்காகப் பிறந்த குறியீடு அது. மொன்றியலுக்கும் இந்த வரலாற்றில் பெரிய பங்கு உண்டு. 1939இல் மோ நாட்லர் இந்த நகரத்தில் தொடங்கிய கனேடியன் லேடி நிறுவனம்தான் ஒண்டர்பிராவை வளர்த்தெடுத்தது. மார்பை மேலே தூக்கிக் காட்டும் அதன் புகழ்பெற்ற 1300ஆம் மாதிரியை லூயிஸ் புவாரியே என்ற பெண் 1960களின் தொடக்கத்தில் இங்கேதான் வடிவமைத்தார். உள்ளே இருக்கும் மார்பகத்தின் கனஅளவில் ஒரு துளியும் கூட்டாமல், வெட்டாலும் தையலாலும் மட்டுமே தோற்றத்தை மாற்ற முடியும் என்று அந்த வடிவமைப்பு காட்டியது. தோற்றம் வேறு, கொள்ளளவு வேறு.

சிசி என்பது என்ன?

மருத்துவர்களின் பெட்டியில் எழுத்து கிடையாது. மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கான் பையை நாம் உள்வைப்பு என்போம். அது சிசி கணக்கில் வருகிறது. ஒரு சிசி என்றால் ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டர். ஏறக்குறைய 20, 30 சிசி இடைவெளியில் படிப்படியாகப் பல அளவுகள் உண்டு. சிலிக்கான் கூழின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்திதான். ஆகவே 300 சிசி உள்வைப்பு ஏறத்தாழ 300 கிராம் எடை. இரண்டு பக்கமும் சேர்த்தால் அறுநூறு கிராம்.

கப் எழுத்தைவிட சிசி நம்பகமான அளவுதான். ஆனாலும் தோழிக்கு வைத்த 300 சிசி உங்களுக்கும் அதே தோற்றத்தைத் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. தோள் அகன்று, மார்புக்கூடு விரிந்த ஒருவரிடம் 300 சிசி வைத்ததே தெரியாமல் போகலாம். ஒடிசலான உடம்பில் அதே 300 துருத்திக்கொண்டு நிற்கலாம். ஏற்கெனவே எவ்வளவு மார்பகத் திசு இருக்கிறது, தோல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, மார்புக்கூடு முன்பக்கம் வளைந்திருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்துத் தோற்றம் மாறும்.

இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை நினைத்துப் பாருங்கள். எத்தனை கிலோ பஞ்சு வேண்டும் என்று கேட்டால், உறையைப் பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது. உறையின் அகலம் எவ்வளவு, துணி எவ்வளவு இழுபடும், உள்ளே ஏற்கெனவே எவ்வளவு பஞ்சு கிடக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் கணக்கு. குறைத்து அடைத்தால் உறை தொய்ந்து கிடக்கும். அளவுக்கு மேல் திணித்தால் துணி நைந்து, தையல் விட்டுப்போகும். மார்பக உள்வைப்பின் அறிவியல் முழுவதும் உறையை அளக்கும் அறிவியல்தான்.

ஒரே கொள்ளளவு, மூன்று வடிவங்கள்

ஒரு கோளத்தின் மேற்பகுதியை வெட்டி எடுத்தது போன்ற கவிந்த வடிவம்தான் உருண்டை வகை உள்வைப்பு. அதற்கு இரண்டு முக்கிய அளவுகள் உண்டு. மார்புக்கூட்டின் மேல் உட்காரும் வட்டத்தின் குறுக்களவை அடியகலம் என்போம். அங்கிருந்து முன்னால் எழும் உயரத்தை முன்தள்ளல் என்போம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து ஒரே 300 சிசியைப் பல உருவங்களில் செய்யலாம். வடிவியல் கணக்குப்படி, அடியகலம் 11 செ.மீ. என்றால் 300 சிசி கொள்ளச் சுமார் 5 செ.மீ. உயரம் வேண்டும். 12 செ.மீ. என்றால் 4.5 போதும். 13 செ.மீ. என்றால் 4 செ.மீ. போதும். மூன்றும் 300 சிசிதான். பக்கவாட்டில் பார்த்தால் மூன்றும் வேறுவேறு. உண்மை உள்வைப்பு மென்மையானது, உடலுக்குள் கொஞ்சம் தட்டையாகும் என்பதால் இவை தோராய எண்கள். போக்கு மட்டும் மாறாது. நிறுவனங்கள் தாழ்ந்த, மிதமான, உயர்ந்த முன்தள்ளல் என்று வகை பிரிப்பது இதை வைத்துத்தான்.

இதே கணக்கு இன்னொரு கவலையையும் தீர்த்துவைக்கும். 325 வைப்பதா 350 வைப்பதா என்று வாரக்கணக்கில் உறக்கம் கெடுபவர்கள் உண்டு. அடியகலம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 300 சிசியிலிருந்து 350க்குப் போகும்போது உயரம் கூடுவது ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்தான். 25 சிசி வித்தியாசத்துக்குக் கால் சென்டிமீட்டர். உடைக்கு மேல் அது கண்ணுக்குப் படாது. கனஅளவு மூன்று திசைகளின் பெருக்கம் என்பதால், எண்ணில் பெரிதாகத் தெரியும் மாற்றம் ஒவ்வொரு திசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே பகிர்ந்துபோகும். கவலைப்பட வேண்டிய எண் அடியகலம். உங்கள் மார்பகத்தின் இயற்கையான அகலத்தைத் தாண்டிய உள்வைப்பு, பக்கவாட்டில் அக்குளுக்குள் தள்ளும். நடுவில் இரண்டு மார்பகங்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்.

அளவுநாடா என்ன சொல்கிறது?

இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலும் அளவைத் தீர்மானித்தது அறுவை மருத்துவரின் கண்மதிப்பும் நோயாளியின் விருப்பமும்தான். முதல் சிலிக்கான் உள்வைப்பு 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்களால் வைக்கப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்தான் உடல் அளவுகளை முன்னிறுத்தும் ஒழுங்கான முறைகள் பரவலாயின. டாலஸ் நகரின் ஜான் டெபெட்ஸும் வில்லியம் ஆடம்ஸும் 2005இல் வெளியிட்ட ஐந்து அளவுகள், ஐந்து முடிவுகள் என்ற முறை அவற்றுள் பெயர்பெற்றது. அளவுநாடாவும் தடிமன் அளக்கும் இடுக்கிக் கருவியும் இருந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

முதல் அளவு மார்பகத்தின் அடியகலம். இரண்டாவது தோல் நெகிழ்வு: முலைக்காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக முன்னுக்கு இழுத்தால் தோல் எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்று பார்ப்பது. மூன்றாவது, தோலை நன்றாக இழுத்துப் பிடித்த நிலையில் முலைக்காம்பிலிருந்து மார்படி மடிப்பு வரையுள்ள தூரம். மார்படி மடிப்பு என்பது மார்பகத்தின் கீழ்ப்பகுதி வயிற்றுப் பக்கத் தோலோடு சேரும் கோடு. நான்காவது கிள்ளல் தடிமன்: மார்பகத்தின் மேற்பகுதியிலும் அடிமடிப்பிலும் தோலையும் கொழுப்பையும் கிள்ளிப் பிடித்தால் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது. ஐந்தாவது, இழுபட்ட உறையில் ஏற்கெனவே இருக்கும் திசு எத்தனை பங்கை நிரப்புகிறது என்ற மதிப்பீடு.

இந்த அளவுகளை வைத்துப் படிப்படியாகக் கணக்குப் போடுகிறார்கள். தொடக்க எண்ணை அடியகலம் தரும். அந்த முறையின் அட்டவணையில் 11 செ.மீ. அகலத்துக்கு 250 சிசி, 12க்கு 300, 13க்கு 325 என்று போகிறது. பிறகு திருத்தம். தோல் நெகிழ்வு 2 செ.மீ.க்கும் குறைவென்றால் 30 சிசி கழிக்க வேண்டும், 3 செ.மீ.க்கு மேல் என்றால் 30 கூட்டலாம். 4க்கு மேல் என்றால் 60. உறை ஏற்கெனவே பெரும்பாலும் நிரம்பியிருந்தால் 30 கழியும். மிகவும் வெறுமையாக இருந்தால் 30 கூடும். பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து, தோல் தளர்ந்து, உள்திசு வற்றிய தாய்க்கும், பிள்ளை பெறாத இளம்பெண்ணுக்கும் அடியகலம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனாலும் இருவருக்கும் ஒரே எண் வராமல் போவது இதனால்தான்.

கிள்ளல் தடிமன் அளவைத் தீர்மானிப்பதில்லை, இடத்தைத் தீர்மானிக்கிறது. மேற்பகுதியில் கிள்ளினால் 2 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், உள்வைப்பின் மேல்விளிம்பை மூடிமறைக்கப் போதிய சதை இல்லை என்று பொருள். அப்போது உள்வைப்பை மார்புத்தசையின் அடியில் வைப்பார்கள். இல்லாவிட்டால் அதன் விளிம்பும் சுருக்க அலைகளும் மெல்லிய தோல் வழியாக வெளியே தெரியும். ஒல்லியான பெண்களுக்குப் பெரிய அளவு வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அட்டவணை இறுதித் தீர்ப்பு ஆகாது. வேறு மருத்துவர்கள் வேறு முறைகளையும் கையாளுகிறார்கள். ஆனால் அவற்றுள் பல ஓர் அடிப்படையில் உடன்படுகின்றன: முதலில் உடலை அள, அது அனுமதிக்கும் எல்லையைக் கண்டுபிடி, அந்த எல்லைக்குள் பெண்ணின் விருப்பத்தைக் கேள்.

அளக்கும்போது இன்னொன்றும் வெளிப்படும். இரண்டு மார்பகங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மார்பகப் பெருக்கம் கேட்டு வந்த நூறு பெண்களை அளந்து 2003இல் வெளியான ஆய்வொன்றில் 88 பேருக்கு ஏதோ ஒரு வித்தியாசம் இருந்தது. அளவிலோ, காம்பின் உயரத்திலோ, மடிப்பின் நிலையிலோ, மார்புக்கூட்டின் வளைவிலோ. பலருக்கு அதுவரை அது தெரியாது. இரு பக்கமும் ஒரே அளவை வைத்தால் பழைய வித்தியாசம் அப்படியே இருக்கும், சில நேரம் இன்னும் எடுப்பாகவும் தெரியும். அதனால் இடத்துக்கும் வலத்துக்கும் வேறு அளவு வைப்பதும் உண்டு. சிகிச்சைக்கு முன்பே கண்ணாடி முன் நின்று அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

அரிசியும் கணினியும்

அளவுநாடா எல்லையைச் சொல்லும். அந்த எல்லைக்குள் தனக்கு எது பிடிக்கும் என்பதைப் பெண் எப்படி அறிவது? வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை அரிசி. அளவுக்குவளையில் 300 மில்லிலிட்டர் அரிசியை அளந்து, மெல்லிய காலுறையிலோ சிறு பிளாஸ்டிக் பையிலோ கட்டி, பஞ்சு வைக்காத விளையாட்டுப் பிராவுக்குள் வைத்துப் பார்ப்பது. எடைபோட்டு அளக்கக் கூடாது, குவளையால்தான் அளக்க வேண்டும். அரிசி மணிகளுக்கிடையே காற்று இருப்பதால் 300 மில்லிலிட்டர் அரிசி ஏறக்குறைய 240 கிராம்தான் இருக்கும். அதாவது உண்மை உள்வைப்பு இதைவிடக் கால்பங்கு கூடுதல் கனம். இதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை பாருங்கள். மொன்றியல் வீடுகளின் வெளிப்புறப் படிக்கட்டுகளில் ஏறி இறங்குங்கள். குனிந்து பிள்ளையைத் தூக்குங்கள். இறுக்கமான சட்டை ஒன்றும் தொளதொளப்பான சட்டை ஒன்றும் போட்டுப் பாருங்கள். கனமும் உடைக்குள் தோற்றமும் ஓரளவு விளங்கும்.

விளங்காதவையும் உண்டு. அரிசிப்பை தோலுக்கு வெளியே, பிராவின் தாங்கலில் இருக்கிறது. உள்வைப்போ தோலுக்கும் திசுவுக்கும் அடியில், சில நேரம் தசைக்கும் அடியில் அழுத்தப்பட்டு இருக்கும். ஆகவே பிரா இல்லாமல் எப்படித் தெரியும் என்பதை அரிசி சொல்லாது. மருத்துவமனைகளில் மாதிரி உள்வைப்புகளைப் பிராவுக்குள் வைத்துப் பார்க்கத் தருவார்கள். அரிசியைவிட வடிவத்தில் நெருக்கமானவை அவை. ஆனால் அவற்றுக்கும் அதே எல்லை உண்டு.

பல மருத்துவமனைகளில் முப்பரிமாணப் படக்கருவி வந்துவிட்டது. பல கோணங்களில் உடலைப் படமெடுத்து, கணினியில் உருவம் செய்து, தேர்ந்தெடுத்த உள்வைப்பை அதற்குள் வைத்துக் காட்டும். இதற்கு முன்பும் மார்பகக் கனஅளவை அளக்க மருத்துவர்கள் பல வழி தேடியிருக்கிறார்கள். தண்ணீரில் அமிழ்த்தி வழியும் நீரை அளப்பது, அச்சு வார்த்து அதை நிரப்பி அளப்பது எல்லாம் நடந்தன. 1980இல் குரோஸ்மன், ரவுட்னர் இருவரும் ஒரு வெட்டுள்ள வட்டத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி மார்பகத்தின் மேல் பொருத்தி, வட்டத்தில் குறித்த எண்ணைப் படித்துவிடும் எளிய கருவியை அறிமுகப்படுத்தினார்கள். கணினிப் படம் அந்தத் தேடலின் புதிய கட்டம். உங்கள் உடலின் இன்றைய கனஅளவையும் இரு பக்க வித்தியாசத்தையும் அது நன்றாகவே காட்டும். ஆனால் நாளைய உருவம் என்று அது காட்டுவது ஒரு மதிப்பீடு. தசையின் இழுப்பு, தழும்பு ஆறும் விதம், ஆண்டுகள் போனபின் தோல் தளர்வது ஆகியவை திரையில் வராது. அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உறைக்குள் ஓர் அறை

சரியான அளவைத் தேர்ந்தாலும், அதற்கேற்ற வெற்றிடத்தைத் திசுவுக்குள் வெட்டி உருவாக்குவது கைத்திறன். மருத்துவர்கள் அதைப் பை என்பார்கள். பை சிறியதானால் உள்வைப்பு மடங்கும். பெரியதானால் நகர்ந்து கீழிறங்கும். மடிப்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் அதிகம் வெட்டினால் மார்பகமே இடம்மாறித் தெரியும். இந்தத் திறனைப் பயிற்சி மருத்துவர்கள் நோயாளிகள் மேல் கற்பதற்கு முன் மேசைமேல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒரு மாதிரி உடலை உருவாக்கியது. தோல், மார்பகத் திசு, தசை அடுக்குகள் கொண்ட அந்தக் கருவிக்கு நகரத்தின் முதலெழுத்தையும் சேர்த்து மாமோ (MAMO) என்று பெயரிட்டு, 2018இல் ஆய்வாக வெளியிட்டார்கள். தசைக்கு அடியில் உள்வைப்பு வைக்கும் சிகிச்சையை அனுபவம் மிக்க மருத்துவர்களும் பயிற்சியில் இருப்பவர்களும் அதில் செய்து காட்டினார்கள். அனுபவசாலிகளின் மதிப்பெண் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அதாவது அந்தக் கருவி உண்மையான திறனைத்தான் அளக்கிறது என்று தெரியவந்தது. மருத்துவரின் பயிற்சியைப் பற்றிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெரிதானால் என்ன ஆகும், நமக்கு எப்படித் தெரியும்?

எல்லை மீறிய அளவின் விளைவு முதல் மாதத்தில் தெரியாது. ஆண்டுகள் ஆகும். கனம் தோலை இழுத்து மெலியவைக்கும். உள்ளிருக்கும் சுரப்பித் திசு தொடர்ந்த அழுத்தத்தில் வற்றும். அடிமடிப்பு தாங்காமல் உள்வைப்பு கீழே வழுக்கும். காம்புக்கு உணர்வு தரும் நரம்பு, விலா எலும்புகளுக்கிடையே இருந்து மார்பின் பக்கவாட்டில் வெளிவருவது. பெரிய பைக்காகப் பக்கவாட்டில் அதிகம் வெட்டினால் அது இழுபடவோ அறுபடவோ நேரும், காம்பு மரத்துப்போகும். இதில் பலவற்றைப் பின்னால் திருத்துவது கடினம். மெலிந்த தோலைத் திரும்பத் தடிக்கவைக்க வழியில்லை.

எண்களும் உண்டு. அலெர்கன் நிறுவனம் தன் சிலிக்கான் உள்வைப்புகளுக்காக நடத்திய பத்தாண்டுத் தொடர் ஆய்வில், அழகுக்காக முதல்முறை சிகிச்சை செய்துகொண்ட 455 பெண்கள் இருந்தார்கள். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 36 விழுக்காட்டினர் குறைந்தது ஒருமுறையாவது மறுபடியும் அறுவை மேசைக்குப் போக வேண்டியிருந்தது. ஏறக்குறைய 19 விழுக்காட்டினருக்கு உறைச் சுருக்கம் வந்தது. அந்நியப் பொருளைச் சுற்றி உடல் இயல்பாகவே ஒரு தழும்புத் திசுச் சவ்வை நெய்யும். அது இறுகி உள்வைப்பை நெருக்குவதுதான் உறைச் சுருக்கம். மறுசிகிச்சைக்கான காரணங்களில் அளவை மாற்ற வேண்டும் என்ற விருப்பமும் இருந்தது. உள்வைப்பு ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்கிறது. 2021இலிருந்து அங்கே நோயாளி படித்துக் கையொப்பமிட வேண்டிய சரிபார்ப்புப் பட்டியலும் கட்டாயம்.

கனடா தன் பாடத்தைத் தனியாகவும் கற்றது. 1992இல் சிலிக்கான் கூழ் உள்வைப்புகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. உப்புநீர் நிரப்பியவை மட்டும் தொடர்ந்தன. ஆண்டுக்கணக்கான ஆய்வுகளுக்குப் பின் 2006 அக்டோபரில் ஹெல்த் கனடா நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. ஒன்றாரியோ, கியூபெக் மாகாணங்களில் 1974 முதல் 1989 வரை மார்பகப் பெருக்கம் செய்துகொண்ட 24,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. மொத்த இறப்பு விகிதம் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் தற்கொலை விகிதம் கூடுதலாக இருந்தது. வேறு வகை அழகுச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களிடமும் அதே கூடுதல் தெரிந்ததால், உள்வைப்புதான் காரணம் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. சிலரை இந்தச் சிகிச்சைக்கு அழைத்துவரும் மனவேதனையை அளவுநாடாவால் அளக்க முடியாது என்பதையே அது காட்டுகிறது. நல்ல மருத்துவர் "எத்தனை சிசி" என்பதற்கு முன்னால் "ஏன்" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2019 மே மாதம் அலெர்கனின் பயோசெல் என்ற கரடுமுரடான மேற்பரப்புள்ள உள்வைப்புகளின் உரிமத்தை ஹெல்த் கனடா இடைநிறுத்தியது. உள்வைப்பைச் சுற்றி வரும் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் அந்த மேற்பரப்போடு தொடர்புடையது என்று தெரியவந்ததே காரணம். அதே ஆண்டு ஜூலையில் நிறுவனமே உலகெங்கும் அவற்றைத் திரும்பப் பெற்றது. உருண்டையாக இல்லாத, நீர்த்துளி வடிவ உள்வைப்புகள் உள்ளே சுழலாமல் பிடித்து நிற்கக் கரடான மேற்பரப்பு வேண்டும் என்பதால், வடிவத் தேர்வும் அதன்பின் மாறியது. யாருக்கு எந்த உள்வைப்பு வைக்கப்பட்டது என்று தேடிச் சொல்ல நாடு தழுவிய பதிவேடு அப்போது கனடாவிடம் இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் 2015இலேயே தொடங்கிவிட்டன. அதனால் உங்கள் உள்வைப்பின் நிறுவனம், வகை, கொள்ளளவு, தொடரெண் எழுதிய அட்டையைக் கடவுச்சீட்டைப்போல் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவர் அறையில்

கியூபெக்கின் பொது மருத்துவக் காப்பீடு, புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கான மறுசீரமைப்பை ஏற்கிறது. அழகுக்கான பெருக்கத்தை ஏற்பதில்லை. தமிழ்நாட்டிலோ 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்பும் பெருக்கமும் இலவசமாகச் செய்யும் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. பணம் தருவது அரசானாலும் நீங்களானாலும் உடலுக்கான கணக்கு ஒன்றுதான். மொன்றியலில் சொந்தப் பணத்தில் செய்யப்போகிறவர் முதலில் கியூபெக் மருத்துவர் கழகத்தின் பொதுப் பட்டியலில் அந்த மருத்துவரின் பெயரையும் சிறப்புத்துறையையும் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் அறுவைத் துறையில் சான்று பெற்றவரா என்பதுதான் கேள்வி.

பிறகு அறைக்குள் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். என் அடியகலம் எத்தனை சென்டிமீட்டர்? தோல் நெகிழ்வு எவ்வளவு? மேற்பகுதிக் கிள்ளல் தடிமன் எவ்வளவு? இந்த அளவுகளுக்கு மேல்வரம்பு எத்தனை சிசி? நீங்கள் சொல்லும் உள்வைப்பின் அகலமும் முன்தள்ளலும் என்ன? தசைக்கு மேலா, கீழா, ஏன்? என் இரண்டு பக்கமும் எப்படி வேறுபடுகின்றன? அடுத்த பத்தாண்டில் நான் எந்தப் பரிசோதனைகளுக்கு வர வேண்டும்? பதில்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இனிப் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமும் தாய்ப்பாலும் உறையையே மாற்றிவிடும்; அப்போது இன்றைய கணக்கு செல்லாது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகும்போது உள்வைப்பு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சிகிச்சை தேவை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விரும்புகிறவளைக் குறைசொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. கணவனின் சொல், தோழியின் எண், விளம்பரப் படம் ஆகியவற்றை வைத்து அளவை முடிவு செய்வது மட்டும் தவறு. சரியான அளவு என்பது உங்கள் எலும்பின் அகலமும் தோலின் தாங்குதிறனும் அனுமதிக்கும் எல்லைக்குள், நீங்களே விரும்பித் தேர்ந்தது. அளவுநாடாவைக் கையில் எடுக்காமலே ஒரு மருத்துவர் உங்களுக்கு சிசி எண் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வேறு மருத்துவரிடம் போங்கள்.